விட்மார்க் சூத்திரமும் மேற்கோள் கணக்கும்

ஓர் ஆராய்ச்சியாளரின் எழுத்துக்களைப் பிற்காலத்தார் எத்தனை முறை எடுத்துக்காட்டினர் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கொண்டே அவருடைய செல்வாக்கை நிர்ணயிக்கும் வழக்கம், 1955-இல் யூஜீன் கார்ஃபீல்டு 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையில் கருக்கொண்டு, 1964-இல் அவரே வெளிக்கொணர்ந்த விஞ்ஞான மேற்கோள் அட்டவணையினால் வேரூன்றியது. அந்த அட்டவணை பிறப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது 1945-இல், காலமாகிவிட்ட ஸ்வீடன் தேசத்து எரிக் விட்மார்க்கை இந்த அளவுகோலால் அளக்க முற்படுவோர், அளவுகோலின் குறைபாட்டைப் பற்றித்தான் அதிகம் அறிந்துகொள்வர் என்பது என் துணிபு.

இரத்தத்திலுள்ள ஆல்கஹாலை அளந்து பெயர்பெற்ற விட்மார்க், 1889-இல் பிறந்தவர்; பட்டத்தால் நஞ்சியல் அறிஞர் அல்லர்; லுண்ட் சர்வகலாசாலையில் மருத்துவ ரசாயனப் பேராசிரியராக விளங்கியவர். இரத்தத்திலும் சிறுநீரிலும் மூச்சுக்காற்றிலும் அசிட்டோன் எவ்வளவு கலந்திருக்கிறது என்று ஆராய்வதில் தம் இளமையைச் செலவிட்ட அவருக்கு, எளிதில் ஆவியாகும் பொருள்களை மிகச் சிறிய அளவில் கணிக்கும் கைப்பழக்கம் அங்கேதான் வாய்த்திருக்க வேண்டும். 1922-இல் ஜெர்மானிய உயிர்வேதியியல் சஞ்சிகையொன்றில் அவர் வெளியிட்ட நுண்முறை இதற்குச் சான்று. விரல் நுனியையோ காது மடலையோ சற்றே குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏந்திய ஏறக்குறைய நூறு மில்லிகிராம் இரத்தத்தை, குடுவையின் மூடியிலிருந்து தொங்கும் சிறு கிண்ணத்தில் இட்டு, அடியில் கந்தக அமிலத்தோடு கூடிய பொட்டாசியம் டைக்ரோமேட்டை நிரப்பி, மூடிய குடுவையை வெந்நீர்த் தொட்டியில் வைத்தால், இரத்தத்திலுள்ள ஆல்கஹால் ஆவியாகிக் கீழிறங்கி டைக்ரோமேட்டில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடும். எஞ்சியதை அயோடின் வழியே அளந்தால் ஆல்கஹாலின் அளவு தெரிந்துவிடும். அசிட்டோனும் ஈதரும் இதே மாற்றத்தை நிகழ்த்தக்கூடியவை என்பது இம்முறையின் குறை. ஆயினும் ஒரு சொட்டு இரத்தமே போதும் என்ற நிலை வந்தபிறகுதான், காவலர் பிடித்துவந்த வாகன ஓட்டி குடித்திருந்தானா என்னும் வினா, தள்ளாட்டத்தையும் வாய்நாற்றத்தையும் பற்றிய சாட்சியத்திலிருந்து விடுபட்டு ரசாயன சாலைக்கு வந்தது.

1932-இல் பெர்லினில் வெளிவந்த அவருடைய ஜெர்மன் நூலே அவர் புகழின் ஆதாரம். இரத்தத்திலிருந்து ஆல்கஹால் சீரான வேகத்தில் குறைகிறது என்பதை 1919-இல் எட்வர்டு மெல்லன்பி நாய்களிடத்தே கண்டிருந்தார்; விட்மார்க் மனிதரிடத்தே அதை அளந்தார். உடலிலுள்ள ஆல்கஹாலின் கிராம் கணக்கானது, இரத்தச் செறிவையும் உடல் எடையையும் ஒரு காரணியையும் பெருக்கிவரும் தொகைக்குச் சமம் என்பது அவர் சூத்திரம். இருபது ஆடவரையும் பத்துப் பெண்டிரையும் பரிசோதித்து, அக்காரணி சராசரியாக ஆடவருக்கு 0.68, பெண்டிருக்கு 0.55 என்று கண்டார். எலும்பிலும் கொழுப்பிலும் ஆல்கஹால் அவ்வளவாகப் பரவாததால்தான் இந்த எண் ஒன்றினும் குறைகிறது. இருபாலாரிடையே தோன்றும் வேற்றுமைக்கும் உடலின் கொழுப்பு விகிதமே முக்கிய காரணம்.

சட்டம் விரைவில் பின்தொடர்ந்தது. 1936-இல் நார்வே, இரத்தத்தில் ஆயிரத்தில் அரைப்பங்கு ஆல்கஹால் இருப்பதே குற்றம் என்று விதித்தது. ஸ்வீடன் 1941-இல் 0.8 பங்கு என்று எல்லை வகுத்தது. (நம் நாட்டு 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185-ஆம் பிரிவில், நூறு மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று இன்னும் கடுமையாக நிற்கிறது.) நொதியைக் கொண்டு அளக்கும் முறையும் வாயு நிறப்பிரிகையும் வந்தபின் குடுவை மறைந்தது, சூத்திரம் மறையவில்லை.

மேற்கோள் கணக்கு தடுமாறுவது இங்கேதான். 'விட்மார்க் காரணி' என்று எழுதுகிறவர் 1932-ஆம் ஆண்டு நூலைக் குறிப்பிடவேண்டும் என்ற நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. வெப்பமானியைப் பற்றிப் பேசுகிறவர் செல்சியஸின் கட்டுரையைத் தேடுகிறாரா என்ன! உலகம் முழுதும் ஏற்றுக்கொண்ட கருத்து, அதைக் கண்டவரின் மூல நூலைவிட்டுப் பிரிந்து பொதுச்சொத்தாகிவிடும் இந்நிலையை, சமூகவியலறிஞர் ராபர்ட் மெர்ட்டன் உட்கிரகிக்கப்பட்டு மறைதல் என்னும் பொருள்படப் பெயரிட்டு விளக்கியிருக்கிறார். ஆராய்ச்சியாளரின் கட்டுரைகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் சேர்த்து மதிப்பிட 2005-இல் ஹிர்ஷ் என்பவர் வகுத்த குறியீட்டெண்ணோ, ஒருவர் எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கையைத் தாண்டி உயரவே முடியாதது. ஒரே நூலால் ஒரு துறையை நிறுவியவருக்கு அது என்ன நீதி செய்யும்? நீதிமன்றங்களில் நிபுணர்கள் அளிக்கும் அறிக்கைகளோ அட்டவணைக்குள் வருவதே இல்லை.

இவ்வாறு பெயர் நிலைத்து நூல் மறைந்ததனால் நேர்ந்த நஷ்டம் விட்மார்க்குக்கு அன்று, வழக்குகளுக்கே என்பேன். அந்நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது 1981-இல்தான். 0.68 என்ற எண்ணோடு சேர்த்து 0.085 என்ற விலக்கத்தையும் அவர் கொடுத்திருந்தார். எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆடவனின் இரத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆல்கஹால் காணப்பட்டால், சராசரிக் காரணிப்படி அவனுடலில் இருப்பது ஏறத்தாழ 48 கிராம். விலக்கத்தை இருமடங்காக இருபுறமும் விரித்துப் பார்த்தால், 36 கிராம் முதல் 60 கிராம் வரை எதுவாகவும் இருக்கலாம். சூத்திரத்தை மட்டும் கற்றவர் 48 என்று சாட்சிக் கூண்டில் உறுதி கூறிவிட்டு இறங்குவார். நூலைத் திறந்தவர், எதிர்க்கட்சி வக்கீல் கேட்பதற்கு முன்னமே மற்ற இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்லுவார்.