சுன்னாகத்துக் கிணறுகள்: நிலத்தடி நீர் மாசும் சான்றின் சிக்கலும்

புத்தூர் என்ற பெயரில் ஆந்திரத்தின் திருப்பதி வட்டாரத்தில் ஓர் ஊரும், யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓர் ஊரும் உண்டு. முன்னது கடினப்பாறை நிலம். மழைநீர் பாறையின் பிளவுகளில்தான் தங்குகிறது. பின்னது சுண்ணாம்புக்கல் நிலம். அங்குள்ள நிலாவரைக் கிணற்றில் மேற்பரப்பில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. குடாநாடு முழுவதற்கும் நிலைமை இதுவே. வற்றாத ஆறு ஒன்றுமில்லாத அந்நிலத்தில், கடல்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலமே குடிநீருக்கும் வேளாண்மைக்கும் ஆதாரம். அந்த நீர் கெட்டால் மாற்று எளிதில் கிடையாது.

அப்படலத்தின்மேல் அமைந்த ஊர்களுள் ஒன்று சுன்னாகம். அங்கே இலங்கை மின்சார சபையின் நிலையம் பல பத்தாண்டுகளாக இயங்கியது. பின்னர் 2009ஆம் ஆண்டளவில், நொதேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனமும் எரிபொருளில் இயங்கும் மின்நிலையத்தை நடத்தத் தொடங்கியது. சில ஆண்டுகளில், சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் படர்வதாக மக்கள் முறையிட்டனர். மாசினை முதலில் கண்டறிந்தவர்கள் வாளியால் நீர் மொண்டவர்களே.

தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 ஜூலை வரை ஏறத்தாழ 150 கிணறுகளை ஆராய்ந்தது. அவற்றுள் முக்கால் பங்களவில், குடிநீருக்கு விதிக்கப்பட்ட எல்லையைக் கடந்த எண்ணெய்ப் பொருள் இருந்தது. பின்னர் வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழு, ஆபத்தான ஐதரோகாபன்கள் காணப்படவில்லை எனத் தெரிவித்தது. ஒரே ஊரின் நீர் குறித்து அரசு சார்ந்த இரு அமைப்புகள் இருவேறு முடிவுகளை முன்வைத்ததால், மக்களின் ஐயம் தணியாமல் பெருகியது.

இம்முரணை ஒரு தரப்பின் பொய் என்று உடனே தள்ளிவிட இயலாது. எண்ணெயும் கொழுப்பும் என்ற பெயரில் செய்யப்படும் சோதனை, எக்சேன் போன்ற ஒரு கரைப்பானில் கரையும் அனைத்தையும் பிரித்தெடுத்து மொத்தமாக அளக்கிறது. அப்பொருள் எவ்வகை எண்ணெய், எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லாது. பென்சீன், தொலுயீன் முதலிய சேர்மங்களைத் தேடும் சோதனை வேறு. அவை எளிதில் ஆவியாவன. மாதிரிப் புட்டியில் காற்றிடைவெளி இருந்தாலே அளவு குறைந்துவிடும். எதைத் தேடுவது, எப்போது தேடுவது, எப்படி மாதிரி எடுப்பது என்ற மூன்று முடிவுகளும் விடையின் பெரும்பகுதியை முன்கூட்டியே நிர்ணயிக்கின்றன.

சுன்னாகத்தில் மக்களுக்கு ஒரு சாதகம் இருந்தது. எண்ணெய் நீரைவிட அடர்த்தி குறைந்தது. திறந்த கிணற்றில் மிதந்து கண்ணுக்குத் தெரிந்தது. தொழிற்கூடங்களில் உலோகத்தின் பிசுக்கை அகற்றப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் அப்படியல்ல. அவை நீரைவிடக் கனமானவை. பாறைப் பிளவு வழியே கீழிறங்கி ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கரைகின்றன. அமெரிக்காவில் குடிநீரில் அதற்கு அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் மட்டுமே. அந்நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூபர்ன் நகரில், நீரின் சுவையும் மணமும் குறித்து மக்கள் பல ஆண்டுகள் முறையிட்டனர். ஆனால் 1979இல், கிணறுகளுக்கு அருகே கைவிடப்பட்ட பீப்பாய்கள் கண்டெடுக்கப்பட்ட பின்னரே நீர் முறையாகச் சோதிக்கப்பட்டு, இரு பொதுக் கிணறுகள் மூடப்பட்டன. 1986இல் நடந்த வழக்கில், எந்த வேதிப்பொருள் எந்தக் காலத்தில் கிணற்றை அடைந்தது என்பதே நடுவர் குழுவைத் திணறடித்த கேள்வியாக இருந்தது.

சுன்னாகத்திலும் அதே கேள்வி எழுந்தது. ஒரே வட்டாரத்தில் பல காலமாகப் பலர் எண்ணெயைக் கையாண்டிருந்ததால், மாசு பழையதா, புதியதா, யாருடையது என்ற வாதத்திற்கு இடமிருந்தது. 2015இன் தொடக்கத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் தலையீட்டால் தனியார் நிலையத்தின் இயக்கம் நின்றது. அதே ஆண்டில், அடிப்படை உரிமை மீறல் மனு ஒன்று இலங்கையின் உச்ச அதிகாரமுடைய உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 2019 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டைப் பின்பற்றி, நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் எனப் பணிக்கப்பட்டது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை உள்ளிட்ட அரசு அமைப்புகள் தம் கடமையில் தவறியதையும் நீதிமன்றம் சுட்டியது.

இத்தொகை மக்கள் அடைந்த இழப்பின் ஒரு பகுதியை மட்டுமே ஈடுசெய்யும். ஆயினும் தீர்ப்பின் முதன்மை வேறிடத்தில் உள்ளது. மாசின் ஒவ்வொரு துளிக்கும் தோற்றுவாயைத் துல்லியமாக நிறுவும் சுமை கிணற்றுக்குச் சொந்தக்காரர்மேல் முழுமையாக விழவில்லை. அனுமதி வழங்கியவர்கள் கண்காணித்தார்களா என்ற கேள்வி, மாசுபடுத்தியவர் யார் என்ற கேள்விக்கு இணையாக வைக்கப்பட்டது.

வரலாற்று மாணவர்களுக்கு இவ்வழக்கு இன்னொன்றையும் உணர்த்துகிறது. தொழிலகம் வருவதற்கு முன் அக்கிணறுகளின் நீர் எப்படி இருந்தது என்பதற்கு முறையான பதிவு இருந்திருந்தால், பழைய மாசா புதிய மாசா என்ற வாதம் இவ்வளவு நீண்டிராது. ஒரு நிலத்தில் முன்பு என்ன தொழில் நடந்தது, எரிபொருள் எங்கே சேமிக்கப்பட்டது, கழிவு எந்தக் குழியில் கொட்டப்பட்டது என்பவை உள்ளூர் வரலாற்றின் பகுதிகள். உரிமப் பத்திரங்களும் நிலவரைபடங்களும் முதியோர் நினைவுகளும் அதற்குரிய மூலங்கள். சுண்ணாம்புக்கல் புத்தூராயினும் கடினப்பாறைப் புத்தூராயினும், பணிமனையோ எரிபொருள் நிலையமோ எழும் முன்னரே அக்கம்பக்கக் கிணற்று நீரைச் சோதித்து, முடிவைப் பொது ஆவணமாக வைப்பது அதிகச் செலவில்லாத வேலை. சுன்னாகத்து மக்களுக்கு அந்தச் சான்று வாய்க்கவில்லை.