ஓடிக் கெட்டதும் நின்று கெட்டதும்

பழைய மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டி, வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்றுதான். அமெரிக்காவின் ஜிஎம்சி மோட்டார்ஹோம் விஷயத்தில் அந்தக் கேள்வியால் பெரிய பிரயோஜனம் இல்லை. அந்தக் காலத்து மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். வண்டி எங்கே நின்றது, எத்தனை வருஷம் சும்மா நின்றது என்று விசாரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த வண்டி பிறந்தது மிச்சிகன் மாநிலத்து பான்டியாக் நகரத்தில். 1973 மாடலாக வந்து 1978 மாடலோடு நின்றுபோனது. அன்றைய மற்ற மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் லாரி சேஸிஸ் மேல் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தவை. உயரமானவை, காற்றடித்தால் ஆடுபவை. இதைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் வேறு வழியில் போனார்கள். ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ காரின் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் அப்படியே எடுத்து முன்பக்கம் வைத்தார்கள். முன் சக்கரங்களே வண்டியை இழுத்ததால் தரைக்கடியில் பின்னால் ஓடும் நீண்ட தண்டு தேவைப்படவில்லை. பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நாலு சக்கரங்கள், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள். இடமிருந்து வலமாக ஓடும் அச்சும் இல்லை. அதனால் தளம் தாழ்ந்தது. ஒரே படியில் உள்ளே ஏறிவிடலாம். அரை நூற்றாண்டு கழித்தும் அதன் வடிவம் பழசாகத் தெரியவில்லை என்பது என் அபிப்பிராயம்.

வந்த நேரம் மட்டும் சரியில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்யை நிறுத்தின. அடுத்த ஜனவரியில் அமெரிக்கா முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்று வேகக் கட்டுப்பாடு வந்தது. இதன் எஞ்சினோ 7.5 லிட்டர். இரண்டு டாங்கிலும் சேர்த்து ஏறக்குறைய 190 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். அப்படியும் மொத்தத்தில் சுமார் 13,000 வண்டிகள் செய்தார்கள். 1981-இல் வந்த 'ஸ்ட்ரைப்ஸ்' படத்தில் ராணுவ வண்டியாக வேஷம் கட்டி வந்தது இதுதான்.

இனிச் சொல்வது ஏதோ ஒரு தனி வண்டியின் கதையில்லை, 26 அடி நீளத்தில் 1976-இல் வெளிவந்த வண்டிகள் பலவும் வாழ்ந்த வாழ்க்கை. முதலில் வாங்குகிறவர்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதி. கோடையில் மிச்சிகன் ஏரிக்கரை, குளிருக்கு அரிசோனா. அங்கே குவார்ட்ஸைட் என்ற சின்ன ஊர்ப் பாலைவனத்தில் குளிர்காலம் வந்தால் மோட்டார்ஹோம்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். வண்டிக்கு அது நல்ல காலம். வருஷத்துக்கு இரண்டு தடவை தேசத்தின் குறுக்கே ஓடுகிறது, எண்ணெய் மாற்றுகிறார்கள், கசிந்தால் உடனே தெரிந்துவிடுகிறது.

ஒரு வருஷம் கண் பார்வையோ முதுகோ ஒத்துழைப்பதில்லை. வண்டி வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய்க்கடியில் போகிறது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். உண்மையான முதுமை இங்கேதான் ஆரம்பம். காற்றுப் பை மெல்ல இறங்கி வண்டியின் பின்புறம் உட்கார்ந்துவிடும். கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகும். பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொண்டு சிலிண்டரைத் துருவேற்றும். கூரையில் ஏசி உட்காரும் இடத்து ரப்பர் வெடித்து, மழைக்கு மழை ஒரு சொட்டு உள்ளே இறங்கும். எலிகளுக்கு மின்கம்பியின் உறை பிடித்த பண்டம்.

பிள்ளைகள் விற்கும்போது சொற்ப விலைக்குப் போகும். வாங்குகிறவர் கார்ப்பெட்டை மாற்றி, திரை தைத்து, பெயின்ட் அடித்து, நாலு பயணம் போய், அவரும் நிறுத்திவிடுவார். அப்படியும் இந்த இனம் அழியாததற்குக் காரணம் உரிமையாளர் சங்கங்களும், தேடித்தேடிப் பாகம் செய்து தரும் சின்னப் பட்டறைகளும்தான். டயரைப் பாருங்கள்: அசல் ரிம் 16.5 அங்குலம். அந்த அளவு டயர் இப்போது கிடைப்பது அரிது. அரை அங்குலம்தானே என்று 16 அங்குல டயரை அதில் ஏற்றினால் விளிம்பு சரியாக உட்காராது, காற்றடிக்கும்போதே வெடித்து ஆளைக் கொல்லக்கூடும். ரிம்மையே மாற்றியவர்கள் பிழைத்தார்கள்.

மூன்றாவதாக வாங்க வருகிறவர் வெளிப்பளபளப்பைப் பார்த்து மயங்கக்கூடாது. உடல் அலுமினியமும் ஃபைபர் கிளாஸும், அது துருப்பிடிக்காது. அடியில் இருக்கும் சட்டம் இரும்பு. மிச்சிகனில் பனி உருக ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள், அந்த உப்பு சட்டத்தைத் தின்றிருக்கும். படுத்து ஊர்ந்து போய், பின்சக்கரங்கள் மாட்டிய இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். டங்கென்றால் சரி, பொத்தென்று உதிர்ந்தால் எழுந்து கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். அரிசோனா வண்டியில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் வெயிலில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் காய்ந்து நொறுங்கும். தேர்ந்தெடுக்கச் சொன்னால் நொறுங்கிய பிளாஸ்டிக்கையே தேர்ந்தெடுப்பேன்.

டயரின் பக்கச் சுவரில் நாலு எண் இருக்கும். 3212 என்றால் 2012-இன் 32-ஆவது வாரம் செய்தது. அத்தனை பழசென்றால், பட்டன் தேயாமல் புதுசு போல் இருந்தாலும் கழற்றத்தான் வேண்டும். கூரை மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜ் கேஸ் சுடரில் ஓடும் அம்மோனியா ரகம் என்றால் பின்பக்கம் மூக்கை வைக்க வேண்டும். நெடி வந்தால் அதன் கதை முடிந்தது. பெட்ரோல் குழாய்கள் டாங்குக்கு மேலே மறைந்திருக்கின்றன. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது, வெடிப்பு விட்டுச் சூடான எஞ்சின் பக்கம் கசியும். மாற்ற வேண்டுமானால் டாங்கையே இறக்கியாக வேண்டும்.

விற்கிறவர் புதுத் திரையையும் பெயின்டையும் காட்டி விலை சொல்வார். வாங்குகிறவர் ஆறு டயர், ரிம், பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், காற்றுப் பை என்று விரல் மடக்கிக் கழிப்பார். டாங்கை இறக்கும் கூலியைச் சொன்னதும் பெரும்பாலும் பேரம் படிந்துவிடும். பத்திரத்தில் கையெழுத்தானபின் விவரம் தெரிந்தவர் அதை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகமாட்டார். லாரியில் ஏற்றி நேரே பட்டறைக்குத்தான்.