தலையில்லாத் திருகும் அதன் வரைபட முறையும்

உடல் முழுவதும் மரை வெட்டப்பட்டு, ஒரு முனையில் திருப்புளியோ அறுகோணச் சாவியோ நுழைவதற்கான பள்ளமும், மறுமுனையில் எதிர்ப்பொருளை அழுத்துவதற்கென்றே உருவாக்கப்பட்ட நுனியும் கொண்டு, தலை என்று தனியே ஓர் அவயவம் இல்லாமல் அமைந்த சிறு திருகு தலையில்லாத் திருகு எனப்படும். பட்டறைகளில் இதைக் கிரப் ஸ்குரூ என்பார்கள். தண்டின்மேல் ஏற்றிய கப்பி, பற்சக்கரம், காலர் முதலியவை நழுவாமலும் தனித்துச் சுழலாமலும் இருத்துவதே இதன் பிரதான காரியம். கதவுக் கைப்பிடியை அதன் சதுரத் தண்டோடு பிணைப்பதற்கும் இதுவே பயன்படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழிற்சாலைகளில் நீராவி யந்திரத்தின் சக்தி, கூரையை ஒட்டி ஓடிய நீண்ட தண்டுகளின் வழியாகவும், அவற்றில் ஏற்றிய கப்பிகளையும் தோல்வார்களையும் கொண்டும், ஒவ்வொரு யந்திரத்துக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அக்கப்பிகளை இருத்திய திருகுகள் பெரும்பாலும் சதுரத் தலை உடையவை. அத்தலை சக்கரக் குடத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்று, தண்டு வேகமாகச் சுழலும்போது கண்ணுக்குத் தோன்றாமல் மறைந்து, எண்ணெய் விடவோ வார் மாற்றவோ நெருங்கிய தொழிலாளியின் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டு அவரையும் சேர்த்துச் சுருட்டிவிடும். தலையை நீக்கிப் பிளவு மட்டும் வெட்டிய திருகுகளோ, பலமாக முறுக்கினால் பிளவின் ஓரம் உடைந்துபோகும் குறையுடையவை. இந்நிலையில்தான் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரைச் சேர்ந்த வில்லியம் ஆலன் என்பவர், அறுகோண அச்சைச் சுற்றி எஃகைக் குளிர்நிலையிலேயே அழுத்தி உட்குழி அமைக்கும் முறைக்கு 1910-ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். இன்றும் ஆலன் சாவி என்று வழங்கும் பெயர் அவரை நினைவூட்டுவதே. சக்தியால் இயங்கும் யந்திரங்களில், சுழலும் தண்டிலும் சக்கரத்திலும் உள்ள திருகுகள் அபாயம் விளைவிக்காதபடி புதைந்தோ உறையிடப்பட்டோ தக்க காப்புடனோ இருக்கவேண்டும் என்று இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 26-ஆம் பிரிவில் விதித்திருந்ததும் இந்தத் துயர அனுபவத்தின் விளைவே ஆகும்.

இத்திருகு பிடித்து நிறுத்தும் விதம் கவனிக்கத்தக்கது. குடத்தின் மரைத்துளை வழியே இறங்கும் திருகு தண்டை அழுத்தும்போது, அதன் எதிர்விசையால் குடத்தின் மறுபக்கத்து உட்சுவர் தண்டோடு இறுகுகிறது. ஆகவே நுனி தொடும் இடத்திலும் அதற்கு நேர் எதிரான இடத்திலும் உராய்வு பிறந்து, இரண்டும் சேர்ந்தே சுழற்சியைத் தடுக்கின்றன. ஒன்று போதாதபோது இரண்டு திருகுகள் இடுவதுண்டு. அவற்றை நேரெதிரே வைத்தால் ஒன்றின் அழுத்தம் மற்றொன்றினால் தாங்கப்பட்டு, குடத்துச் சுவரின் உராய்வு வீணாகிவிடும் என்பதனால், 90 பாகை இடைவெளியில் வைப்பதே நல்லது. திருகின் விட்டம் தண்டின் விட்டத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இருக்கலாம் என்பது பொதுவான அனுபவ விதி. பெருஞ்சுமையும் அடிக்கடி திசை மாறும் விசையும் உள்ள இடத்தில் இதை மட்டும் நம்பாமல், காடி வெட்டிச் சாவிக்கட்டை பொருத்துவதே முறையாகும்.

காரியத்தைச் செய்வது நுனியே ஆதலால், வகைகளும் நுனியைக் கொண்டே வகுக்கப்பட்டுள்ளன. தட்டை நுனி, தண்டை அதிகம் காயப்படுத்தாதது. அடிக்கடி தளர்த்தி இறுக்க வேண்டிய இடங்களுக்கு உரியது. கூம்பு நுனி, முன்கூட்டியே இட்ட குழியில் அமர்ந்து பாகத்தை நிரந்தரமாக ஓரிடத்தில் நிறுத்தும். மரையில்லாத சிறு உருளையாக நீளும் முளை நுனி, தண்டிலுள்ள துளையிலோ காடியிலோ புகுந்து நிற்கும். காடி நீளவாட்டில் இருந்தால் பாகம் முன்னும் பின்னும் நகர இடங்கொடுத்து, சுழலுவதை மாத்திரம் தடுக்கும். மிகுதியாக வழங்குவது குழிந்த நுனி. அதன் விளிம்பு வளையமாகத் தண்டில் பதிகிறது. பதிந்த இடத்தில் உலோகம் பிதுங்கிப் பிசிறு எழும்புவதனால், பின்னொரு நாள் கப்பியைக் கழற்ற முற்படும் மெக்கானிக், திருகை முழுவதும் எடுத்த பிறகும் கப்பி அசையாமல் நிற்பதைக் கண்டு திகைக்க நேரிடும். திருகு அமரும் இடத்தில் தண்டை முன்கூட்டியே அரத்தால் சிறிது தட்டையாக்கி வைத்தால், பிசிறு அந்தப் பள்ளத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

நுனி பதியவேண்டுமானால் திருகு தண்டைவிடக் கடினமாக இருத்தல் அவசியம். அறுகோணக் குழியுடைய எஃகுத் திருகுகளுக்கு வழங்கும் 45 எச் என்ற தரக் குறியீடு, சாதாரண போல்ட்டுகளின் குறியீட்டைப்போல இழுவலிமையைக் குறிப்பதன்று; விக்கர்ஸ் அளவையில் கடினம் 450-க்குக் குறையாது என்பதையே உணர்த்துவது. இழுவிசை தாங்குவது இத்திருகின் வேலையே அன்று. அறுகோணச் சாவியின் அளவு பெரும்பாலும் மரை விட்டத்தில் பாதி: எம் 6 திருகுக்கு 3 மில்லிமீட்டர், எம் 8-க்கு 4, எம் 10-க்கு 5.

இனி வரைபடத்தைப் பற்றி. மரையைச் சுருள்சுருளாக வரையாமல், முகட்டைத் தடித்த கோட்டாலும் அடியை மெல்லிய கோட்டாலும் காட்டுவதும், முனையிலிருந்து பார்க்கும் தோற்றத்தில் அடியை ஏறத்தாழ முக்கால் வட்டமாக மெல்லிய கோட்டால் வரைவதும் சர்வதேச சம்பிரதாயம். மரை இத்திருகின் உடல் முழுவதும் ஓடுவதால், மற்றத் திருகுகளில் மரை முடியும் இடத்தைக் காட்டும் குறுக்குக்கோடு இதற்குப் பொதுவாகத் தேவையில்லை. முனைத்தோற்றத்தில் அறுகோணக் குழி அறுகோணமாகவே வரையப்படும்; பிளவானால், அதன் உண்மையான நிலை எதுவாயினும், 45 பாகை சாய்ந்த ஒற்றைத் தடித்த கோடு போதும்.

வெட்டுத் தோற்றத்திலே மாணவர்கள் தடுமாறுவது ஓர் இடத்தில்தான். வெட்டுத் தளம் திருகின் அச்சு வழியே சென்றாலும் திருகு வெட்டப்படாததாகவே காட்டப்படும். வெட்டைக் குறிக்கும் சாய்கோடுகள் அதன்மேல் வரா. தண்டும் அவ்வாறே முழுமையாக விடப்படுவதால், நுனி அமரும் குழியைக் காட்ட வேண்டுமானால் அவ்விடத்தில் மாத்திரம் சிறு பகுதி வெட்டு அமைக்கவேண்டும். மேலும், தலையில்லாத் திருகு துளைக்குள் முழுவதும் அமிழ்ந்திருக்க, அதற்கு மேலே துளையின் ஒரு பகுதி வெறுமையாக நிற்பதுண்டு. அந்த வெற்றுப் பகுதியில் தடித்த கோடு உள்ளேயும் மெல்லிய கோடு வெளியேயும் இருக்கும். திருகு தொடங்கும் இடத்திலிருந்து, அதே இரு நேர்க்கோடுகளின் தொடர்ச்சியிலேயே, தடித்தது வெளியேயும் மெல்லியது உள்ளேயும் என்று மாறிவிடும். ஆண் மரை பெண் மரையை மறைக்கும் என்ற விதியே இதற்குக் காரணம். குடத்தின் சாய்கோடுகளும் இரு பகுதிகளிலும் தடித்த கோடு வரைக்கும் வந்து நிற்கவேண்டும். இதைச் சரியாக வரைந்த படத்தில், திருகு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை ஒரு பார்வையிலேயே அறியலாம்.

ஐ.எஸ்.ஓ. 6410 என்ற தர விதியின் மூன்றாம் பகுதி, எளிமையாக்கிய முறையில் வரையும்போது திருகு முனைகளின் வடிவத்தை வரையவேண்டாம் என்கிறது. படத்தில் மரையின் விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாதபோது மேலும் சுருக்கவும் அனுமதிக்கிறது. தலையுள்ள திருகுகளுக்கு இதனால் நஷ்டமில்லை. தலையில்லாத் திருகுக்கோ நுனியே பிராணன். கோடு சொல்லாமல் விட்டதை எழுத்து சொல்லியே ஆகவேண்டும். ஆகையால் உதிரிபாகப் பட்டியலில் வெறுமனே எம் 6 என்று எழுதி நிறுத்துவது பெரும் பிழை. அறுகோணக் குழியுடையவற்றில் தட்டை நுனிக்கு ஐ.எஸ்.ஓ. 4026, கூம்புக்கு 4027, முளைக்கு 4028, குழிந்த நுனிக்கு 4029 என்று எண்கள் வகுக்கப்பட்டிருப்பதால், ஐ.எஸ்.ஓ. 4029 – எம் 6 × 12 – 45 எச் என்ற ஒரே வரியில் நுனியும், மரையும், நீளமும், கடினமும் அடங்கிவிடுகின்றன. இங்கே 12 என்பது நுனியையும் சேர்த்த முழு நீளம். கூம்பு நுனிக்கோ முளை நுனிக்கோ தண்டில் குழியிட வேண்டியிருந்தால், அதைக் கப்பி பொருத்தும்போது இடவேண்டுமா, முன்பே இடவேண்டுமா என்ற குறிப்பைச் சேர்க்கைப் படத்தில் மட்டுமல்லாமல் தண்டின் தனிப்படத்திலும் எழுதவேண்டும். ஏனெனில் தண்டைக் கடைபவர் கையில் இருப்பது பெரும்பாலும் அந்தத் தனிப்படம் ஒன்றே.