சிக்லிட் தொட்டியில் குயில் கெளுத்தி

குயில் கெளுத்தி, கிழக்கு ஆப்பிரிக்காவின் தங்கனிக்கா ஏரியில் மட்டும் இயற்கையாக வாழும் ஒரு நன்னீர் மீன். இதன் அறிவியல் பெயர் சினோடோண்டிஸ் மல்டிபங்டேட்டஸ். ஜே. ஈ. எஸ். மூர் அந்த ஏரியிலிருந்து திரட்டி வந்த மீன்களை ஆராய்ந்த ஜார்ஜ் ஆல்பர்ட் பூலாஞ்சே, 1898இல் இதற்குப் பெயரிட்டார்.

சிக்லிட் மீன்களுக்குத் துணை மீன் தேடுவது எளிதன்று. ஆண் சிக்லிட் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, உருவத்திலும் நிறத்திலும் தன்னை ஒத்த மீன்களையே அதிகம் துரத்தும். சிறிய, மெலிந்த மீன்கள் அதற்கு இரையாகிவிடும். இந்தக் கெளுத்தியோ சிக்லிட்டைப் போன்ற தோற்றம் கொண்டதன்று. இதற்கு வலுவான முள் உண்டு. பகலில் பாறை இடுக்கில் ஒதுங்கிவிடும். கடினமான காரத்தன்மையுள்ள நீரே இதற்கும் ஏற்றது. ஆகவே தங்கனிக்கா சிக்லிட்டுகளுடன் மட்டுமின்றி, தெற்கே உள்ள மலாவி ஏரியின் சிக்லிட்டுகளுடனும் இதைச் சேர்த்து வளர்த்தனர். சண்டை வராது என்ற அளவில் அந்தக் கணக்கு சரிதான்.

சிக்கல் முட்டையில் இருந்தது. இந்த ஏரிகளின் சிக்லிட்டுகளில் பலவற்றில் தாய் மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். ஏறக்குறைய மூன்று வாரங்கள் சரியாக இரைகூட எடுக்காது. சிக்லிட் இணை முட்டையிடும் நேரத்தில் கெளுத்திகள் இடையே பாய்ந்து, சில முட்டைகளைத் தின்று, தம் முட்டைகளை அங்கே இட்டுவிடும். தாய் அவசரத்தில் எல்லாவற்றையும் வாயில் எடுத்துக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சுகள் முந்திப் பொரித்து, அந்த வாய்க்குள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும். தங்கனிக்கா ஏரியில் இதைக் கண்டறிந்த ஜப்பானிய ஆய்வாளர் தெட்சு சாத்தோ, 1986இல் நேச்சர் இதழில் வெளியிட்டார். காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் குயில் காக்கையின் வாய்க்குள் போவதில்லை.

தொட்டியிலும் இதுவே நடந்தது. சிக்லிட் குஞ்சுகளை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தவை புள்ளிக் கெளுத்திகள். சிலர் இதையே வாய்ப்பாக்கி, மலாவி சிக்லிட்டுகளைச் செவிலித்தாயாக வைத்துக் கெளுத்தியைப் பெருக்கினர்.

மலாவி மீன்கள் இவ்வளவு எளிதில் ஏமாறக் காரணம், அவற்றின் ஏரியில் இந்தக் கெளுத்தி இல்லாததே. செக் நாட்டு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட சோதனை முடிவுகளும் இதற்கு இசைகின்றன. கெளுத்தியோடு நெடுங்காலம் வாழ்ந்துவந்த தங்கனிக்கா இனங்கள் அயல் முட்டைகளை ஓரளவு கண்டு விலக்கின. பட்ட அனுபவத்தால் அந்தத் திறன் கூடியது. வேற்றிடத்து இனங்கள் மிக அதிகமாக ஏமாந்தன.

குஞ்சு வேண்டுவோர் அதே ஏரியைச் சேர்ந்த சிறிய உறவினமான சினோடோண்டிஸ் பெட்ரிகோலாவைத் தேர்வதுண்டு. அது பிற மீன்களிடம் முட்டையை ஒப்படைப்பதில்லை. இளமையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால் வாங்கும்போது வயிற்றைப் பார்க்க வேண்டும்: குயில் கெளுத்தியின் வயிற்றில் புள்ளி இராது.