இந்திரவிழா இரவும் மின்கிற்றாரும்

1960களின் நடுப்பகுதியில் சான் பிரான்சிஸ்கோவிலும் லண்டனிலும் ஒரு புதிய இசை பிறந்தது. மின்கிற்றாரின் ஒலியை முறுக்கினார்கள், எதிரொலிக்க விட்டார்கள். ஒரே சுருதியை நெடுநேரம் பிடித்து நின்றார்கள். வண்ண ஒளியைப் பாய்ச்சி, கேட்பவரை இரவு முழுவதும் தன்னை மறந்த நிலையில் வைத்திருக்க முயன்றார்கள். சைகடெலிக் றொக் என்று அதற்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியில் கடலோரம் இருக்கும் வல்வெட்டித்துறையில் தடம் தேடினால் வரலாறு கைக்கு அகப்படாது. ஆனால் அந்த இசை செய்ய விரும்பிய வேலையை இந்த ஊரில் எது செய்தது என்று கேட்டால், விடை முத்துமாரி அம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் கிடைக்கிறது. வடமராட்சியில் மின்னிசை வேரூன்றியதற்கு மேல்நாட்டு மோகத்தை மட்டும் காரணம் சொல்வது போதாது. அதற்கான இடத்தையும் நேரத்தையும் கேட்கும் பழக்கத்தையும் கோயில் இரவு முன்பே உருவாக்கி வைத்திருந்தது என்பதே என் வாதம்.

அம்மனின் ஆண்டுத் திருவிழா சித்திரா பௌர்ணமித் தீர்த்தத்தோடு நிறைவுறும். அன்றிரவுதான் இந்திரவிழா. வீதியெங்கும் மின்விளக்குச் சோடனை, புகைக்குண்டுகள் என்னும் வானில் ஏறும் காகிதப் பலூன்கள், வீதியோர மேடைகளில் இசைக் கோஷ்டிகள் என்று ஊரே விழித்திருக்கும். வடமராட்சியின் மற்றக் கிராமங்களிலிருந்தும் சனம் திரளும். இப்படி விடியும்வரை இசை கேட்பது கிற்றாரோடு வந்த பழக்கம் அல்ல. அதற்கு முன்பே குடாநாட்டுக் கோயில்களில் நாதஸ்வரமும் தவிலும் விடியவிடிய முழங்கின. அளவெட்டித் தெட்சணாமூர்த்தியின் தவிலில் ஒரு தாளம் விரிந்து, உடைந்து, மீண்டும் கூடுவதை இரசிகர்கள் இமைக்காமல் கேட்டார்கள். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாகப் பாடிய மயானகாண்ட இசைநாடகத்துக்காகக் குடும்பம் குடும்பமாகப் பாயோடு வந்து அமர்ந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் இளைஞர்கள் புதிதாகக் கண்டெடுத்த நீண்ட இரவு இங்கே வழிபாட்டின் பகுதியாகவே இருந்தது. மின்கிற்றாரும் டிரம்ஸும் அந்த மேடையில் ஏறியபோது அவற்றுக்குப் புதிதாகச் சபை தேட வேண்டியிருக்கவில்லை.

மேடையில் ஒலித்த பாட்டும் கவனிக்கத்தக்கது. 1960களின் பிற்பகுதியிலிருந்து ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை எழுந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ யாழ்ப்பாணத்தின் வீட்டுப் பேச்சை அப்படியே தாளத்தில் ஏற்றியது. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ பைலாத் துள்ளலோடு கடல் கடந்தது. பைலா போர்த்துக்கேயர் காலத்துத் தாளங்களிலிருந்து கிளைத்தது. அதே காலத்தில் தெற்கில் கிளாரன்ஸ் விஜேவர்த்தனவின் மூன்ஸ்டோன்ஸ் குழு சிங்களப் பாட்டில் கிற்றாரை நிலைநாட்டியது. இலங்கை வானொலி இவை எல்லாவற்றையும் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 1970இல் இலங்கையில் பதவிக்கு வந்த அரசு இறக்குமதியை இறுக்கியது, தென்னிந்தியச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. அந்த நெருக்கடி உள்ளூர்க் கலைஞர்களுக்கு மேடையை அகலமாக்கியது.

இதெல்லாம் இரவல் இசை, கோஷ்டிகள் பெரும்பாலும் சினிமாப் பாட்டையே வாசித்தன என்று மறுப்போர் உண்டு. சினிமாப் பாட்டு நிறையவே ஒலித்தது, உண்மைதான். ஆனால் இரவல் எந்தத் திசையில் போனது என்பதையும் பார்க்க வேண்டும். பீற்றில்ஸ் 1965இல் சித்தாரையும், 1966இல் தம்புராவின் இடையறாச் சுருதியையும் தங்கள் பாட்டுக்குள் எடுத்துக்கொண்டார்கள். மேற்கு புதுமையென்று கொண்டாடியதில் ஒரு பங்கு நம் பக்கத்து ஓசை. தமிழகத்திலிருந்து இசை இங்கே வந்ததைப் போலவே இங்கிருந்தும் போனது. 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா சுராங்கனியைப் பயன்படுத்தினார். வாங்குவதும் கொடுப்பதும் கடலோடிகளின் ஊருக்குப் புதிதல்ல. இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய ஊரின் இசையில் கலப்பில்லாத தூய்மையைத் தேடுவது அதன் வரலாற்றையே மறுப்பதாகும்.

இன்னொரு மறுப்பு கனமானது. 1974இல் யாழ்ப்பாணத்தில் நடந்த தமிழாராய்ச்சி மாநாட்டின் உயிரிழப்புகள், 1985 மே மாதமும் 1989 ஆகஸ்ட் மாதமும் வல்வெட்டித்துறையில் நடந்த படுகொலைகள் ஆகியவற்றுக்கு நடுவே பொப்பிசையைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்ற கேள்வி அது. அந்த இழப்புகளுக்கு முன் எந்தப் பாட்டும் சிறியதே. ஆயினும் கொண்டாடத் தெரிந்த ஒரு ஊரைத்தான் போர் தாக்கியது என்பதைச் சொல்லாமல் விட்டால் இழப்பின் அளவும் குறைந்துவிடும். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, மின்கலங்களுக்கும் தடை வந்தது. சனங்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். மேடைகளில் பாடித் தேர்ந்த எஸ். ஜி. சாந்தன் போர்க்காலப் பாடல்களின் குரலானார். கோயில் மேடை வளர்த்த திறன்தான் அந்தப் பாடல்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அவற்றின் அரசியலை ஏற்பவரும் மறுப்பவரும் இந்தத் தொடர்ச்சியை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இசைத்தட்டுகளையும் புகழ்பெற்ற பெயர்களையும் மட்டும் சான்றாகக் கொள்ளும் வரலாற்றில் இந்த ஊருக்கு ஒரு வரிகூடக் கிடைக்காது. திருவிழா நோட்டீசு, ஒலிபெருக்கிக்காரரின் கணக்கு, கலியாண அல்பத்தின் ஓரத்தில் கிற்றாரோடு நிற்கும் இளைஞரின் படம், புலம்பெயர்ந்தோர் பெட்டியில் கிடக்கும் கசற் ஆகியவற்றையும் ஆவணமென்று மதித்தால் அந்த வரலாற்றை எழுத முடியும். இடம்பெயர்விலும் குண்டுவீச்சிலும் இவற்றில் எவ்வளவோ போய்விட்டன. அந்த மேடைகளில் வாசித்தவர்களும் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் பொறுப்பு ஊர்ச் சங்கங்களுக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் உண்டு. அதை இந்தத் தலைமுறையே செய்ய வேண்டும்.