சுவருக்குள் கம்பி, காற்றில் ரேடியோ

போன விடுமுறையில், தூசி படிந்து கிடந்த பழைய கணினி ஒன்றில் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளைப் போட்டு, வராந்தா விளக்கை அதன் மூலம் போட்டு அணைக்க முயன்றேன். கணினியை வைஃபையில் இணைத்திருந்தபோது பாதி நேரம் விளக்கு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கணினிக்கு மட்டும் ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்தேன். சரியாகிவிட்டது. பல்பு வைஃபையிலேயே இருந்தது. "என்னடா இது, பாதி வயர் பாதி வயர்லெஸ்? அரைகுறை வேலை" என்று அண்ணன் கிண்டல் அடித்தான். அவனுக்குப் பதில் சொல்லத் தேடிப் படித்ததில் கிடைத்த கதைதான் இது.

1975-இல் ஸ்காட்லாந்தின் க்ளென்ராத்தஸ் ஊரில் இருந்த பிகோ எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அவர்களுடைய பத்தாவது திட்டம் என்பதால் பெயர் எக்ஸ்-10. கால்குலேட்டர் சிப் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். வீட்டு விளக்குகளைத் தூரத்திலிருந்து இயக்க வேண்டும், ஆனால் சுவரை உடைத்துப் புது வயர் போடக்கூடாது. அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது: சுவருக்குள் ஏற்கெனவே மின்சார வயர் ஓடுகிறதே, செய்தியையும் அதிலேயே அனுப்பிவிடலாம்! மாறுமின்னோட்டம் பூஜ்யத்தைக் கடக்கும் ஒவ்வொரு கணத்திலும் 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்று இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 16 வீட்டுக் குறியீடு, 16 கருவி எண், ஆக 256 முகவரிகள். 1978-இல் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது.

ஒரே ஒரு கட்டளை போய்ச் சேர முக்கால் நொடிக்கு மேல் ஆகும். அதுகூடப் பரவாயில்லை. விளக்கு உண்மையில் எரிந்ததா என்று பதில் வராது. டிவியும் கணினியும் அந்தச் சின்னத் துடிப்பை விழுங்கிவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி, அமெரிக்க வீடுகளுக்கு மின்சாரம் 120 வோல்ட் பிரிவுகள் இரண்டாக வருவதுதான். ஒரு பிரிவில் சொன்னது மற்றதற்குச் சரியாகக் கேட்காது. சமையலறை விளக்கு கேட்கும், படுக்கையறை விளக்கு கேட்காது! மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள நம்மூர் வீடுகளிலும் இதே கதைதான் நடந்திருக்கும்.

கம்பியின் குறையை ஈடுகட்ட அப்போதே ரேடியோ உள்ளே வந்துவிட்டது. கையில் ஒரு ரிமோட், சுவர் ப்ளக்கில் ஒரு பெட்டி. ரிமோட் 310 மெகாஹெர்ட்ஸில் காற்றில் சொல்லும், பெட்டி அதை வாங்கி மின்வயரில் போடும். கையில் எடுத்துத் திரிவதற்குக் காற்று, நிலையாக இருப்பதற்குக் கம்பி. அண்ணன் சொன்ன அரைகுறை வேலை அன்றைக்கே நடந்திருக்கிறது.

1980-களில் வந்த சிபி290 என்ற பெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதைக் கணினியின் சீரியல் போர்ட்டில் இணைத்து, எந்த விளக்கு எத்தனை மணிக்கு எரிய வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுக்கலாம். பிறகு கணினியை அணைத்துவிட்டாலும் பட்டியல் பெட்டிக்குள்ளேயே ஓடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு வேடிக்கை. லேன் கேபிளின் தாத்தாவே ஒரு வயர்லெஸ்தான்! 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகம் தீவுகளுக்கிடையே ரேடியோ மூலம் கணினியைப் பயன்படுத்த அலோஹாநெட் அமைத்தது. அதைப் படித்துத்தான் பாப் மெட்கால்ஃப் 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஈதர்நெட்டை உருவாக்கினார். அதற்கு முதலில் வைத்த பெயரிலேயே அலோஹா இருந்தது.

2005-இல் கலிஃபோர்னியாவின் ஸ்மார்ட்லேப்ஸ் நிறுவனம் இன்ஸ்டியானைக் கொண்டுவந்தது. மின்வயர், ரேடியோ இரண்டையும் ஒரே வலைப்பின்னலாகப் பார்த்தார்கள் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு மின்பிரிவுகளிலும் ஆளுக்கொரு ரேடியோ பெட்டியைச் செருகிவிட்டால், வயரால் கடக்க முடியாத இடத்தைச் செய்தி காற்றில் தாண்டிவிடும். ஒவ்வொரு கருவியும் கேட்டதைத் திருப்பிச் சொல்லும், கிடைத்தது என்று பதிலும் அனுப்பும். பின்னர் வந்த கருவிகளில் இரண்டு வழியும் ஒன்றாகவே இருந்தன. பழைய எக்ஸ்-10 கட்டளையும் புரியும்.

இவ்வளவு நன்றாகக் கட்டிய வீடு 2022 ஏப்ரலில் ஒருநாள் திடீரென்று ஊமையானது. நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோயின. கைப்பேசிச் செயலி வேலை செய்யவில்லை. ஆனால் கம்பியும் ரேடியோவும் கெடவில்லை! சுவிட்சோடு நேரடியாகப் பிணைத்திருந்த விளக்குகள் வழக்கம்போல எரிந்தன. அறுந்தது வீட்டுக்கு வெளியே போன இணைப்பு மட்டும்தான். அன்று தப்பித்தவர்கள் யாரென்றால், வீட்டுக்குள்ளேயே ஒரு கணினியில் ஹோம் அசிஸ்டென்ட் மாதிரி மென்பொருளை ஓட்டியவர்கள். நாற்பது வருடத்துக்கு முன் சிபி290 தெரிந்துவைத்திருந்ததை இடையில் எப்படி மறந்தார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அதே ஆண்டு ஜூனில் பயனர்கள் சிலரே சேர்ந்து இன்ஸ்டியானை வாங்கி, சர்வர்களை மறுபடி ஓடவைத்தார்கள்.

மற்ற நிறுவனங்களும் கலந்தே செய்தார்கள். 2012-இல் வந்த பிலிப்ஸ் ஹியூவின் பெட்டி ரவுட்டரோடு ஈதர்நெட் கேபிளில் பேசும், பல்புகளோடு ஜிக்பி ரேடியோவில் பேசும். 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் தரத்தில் ஈதர்நெட், வைஃபை, த்ரெட் மூன்றுக்கும் ஒரே மொழி.

இதையெல்லாம் அண்ணனிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். "அதெல்லாம் இருக்கட்டும், மாடி விளக்கு எப்போ?" என்றான். மாடியில் வைஃபை எட்டவில்லை. கேபிள் இழுக்கச் சுவரில் துளை போட வேண்டும், அதற்கு அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை.