உணவும் பூவும்: நீர்வண்ண அசைவிலா ஓவியத்தை வாசித்தல்

மேசைமீதோ தரையிலோ பரப்பி வைத்த பொருள்களைப் பார்த்து வரையும் படம் அசைவிலா ஓவியம். ஓவியம் பயில்வோர் இதை ‘ஸ்டில் லைஃப்’ என்பார்கள்.

பூவையும் காயையும் வரைந்த படமெல்லாம் அசைவிலா ஓவியம் ஆகிவிடாது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ராபர்ட் வைட்டிடம் பணியாற்றிய ரங்கையாவும் கோவிந்துவும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செடிகொடிகளை நீர்வண்ணத்தில் தீட்டினார்கள். 1838 முதல் 1853 வரை வெளிவந்த வைட்டின் ‘ஐகோன்ஸ்’ தொகுதிகளில் அவர்கள் கைவண்ணம் கல்லச்சுப் படங்களாக இடம்பெற்றது. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். ஆனால் அந்தத் தொகுதிகளில் இருப்பவை செடியை அடையாளம் காட்டும் படங்கள். மேசை இல்லை, நிழல் இல்லை. அசைவிலா ஓவியத்தில் பொருளை வைத்துவிட்டுப் போன ஆள் ஒருவர் இருக்கிறார். அவரைக் கண்டுகொள்வதே வாசிப்பு.

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் பாதி உரித்த எலுமிச்சையும் இதழ் உதிர்ந்த பூவும் நிலையாமையைச் சொல்லும். கள்ளக்குறிச்சி வீடொன்றில் வரைந்த படத்துக்கு அந்தச் சாவி பொருந்தாது. இங்கே உடைத்த தேங்காய் படையல் முடிந்ததற்கு அடையாளம். வாடிய சரம் நேற்றுச் சாமிக்குச் சாத்தியது. வாழையிலையைக் கவனிக்க வேண்டும். நுனி உண்பவரின் இடப்பக்கம் இருப்பது வழக்கம். படத்திலும் நுனி இடப்பக்கம் இருந்தால் பார்ப்பவர் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்கம் இருந்தால் எதிரே நின்று பரிமாறுகிறார்.

பொருள்கள் ஊரையும் பருவத்தையும் சொல்லும். கரும்பும் மரவள்ளிக்கிழங்கும் சமவெளி விளைச்சல். சாமை, தினை, கடுக்காய் என்றால் கல்வராயன் மலையும் அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரும் நினைவுக்கு வருவார்கள். பிளந்த பலா கோடையைக் காட்டும்.

கல்வராயன் மலையின் மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. சேலம் பக்கத்தில் பொங்கலை ஒட்டிக் கட்டும் காப்பில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றும் சேரும். ஓவியருக்குச் சோதனை பூளைப்பூதான். நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தாளின் வெண்மையே. அடர்நிறத்தின்மேல் வெளிர்நிறம் எடுபடாது. எனவே வேப்பிலையின் பச்சையைச் சுற்றிலும் பூசி, பூளைக்கதிர் இருக்குமிடத்தில் தூரிகை படாமல் விட்டுவிடுவார்கள். பக்கத்துப் பச்சை சற்றே கசிந்து அந்த வெண்மையின் ஓரத்தைத் தொடும்போது பூவின் பஞ்சுத்தன்மை வந்துவிடுகிறது.